நெற்றியில் நாலணா

வேகத்தடை வரும்போதெல்லாம் காசு ஒருமுறை அசைகிறது. அம்மாவின் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே கொஞ்சம் மேலே, குழைத்த குங்குமத்தின்மேல் அழுத்தி ஒட்டிய காசு. வண்டி ஏறி இறங்குகிறது, காசு நகர்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன், நகரவில்லை, அசைவு மட்டும்தான், குங்குமம் இன்னும் காயவில்லை போல. அமரர் ஊர்தி என்று வெளியே பெரிதாய் எழுதியிருக்கிறது, உள்ளே இரண்டு பக்கமும் தகர பெஞ்சு. இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அப்பாவும் சென்னியப்பன் மாமாவும். மாமா அம்மாவின் தம்பி. நடுவில் அம்மா, மாலைகளுக்கு அடியில். என் வேட்டி ஈரமாக இருக்கிறது, தொடையில் ஒட்டுகிறது, அதுவும் யாருடைய தொடையோ போலத்தான் இருக்கிறது. அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருகிறேன். ஒண்டிப்புதூர் தாண்டியதும் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், தாண்டிவிட்டோம், திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரி, ஒரு டயர் கடை, மறுபடி ஒரு பேக்கரி, எல்லாம் பின்னால் போய்க்கொண்டே இருக்கின்றன, நான் காசைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ரூபாய் இல்லை அது. அதைவிடச் சிறியது, நாலணா. நாலணாவிலும் வெறும் நாலணா இல்லை. விளிம்பில் மேல்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும், வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அந்தக் கீறலைப் பார்த்தேன். கைநிறைய அரிசி. பின்னால் யாரோ, கண்ணு, மூணுதரம் போடு, இடது பக்கமா சுத்தி வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீறல்தான் தெரிந்தது. மேல்பக்கம் சிங்கம். அப்படியானால் மறுபக்கத்தில் இருக்கும் பெண் கீழே, அம்மாவின் தோலோடு முகம் வைத்துக்கொண்டு. அரிசி என் விரல் இடுக்கில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது, தட்டிவிடத் தோன்றவில்லை.

துளசி அத்தையைக் குறை சொல்ல முடியாது. அப்பாவின் தங்கை, குளிப்பாட்டியது, கூறைப்புடவை சுற்றியது, பூ வைத்தது எல்லாம் அத்தைதான், காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. எல்லாம் முடித்து, நெத்திக்குக் காசு எடுங்க என்றாள். அப்போதுதான் தெரிந்தது வீட்டில் காசே இல்லை என்பது. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், உள்ளே அலமாரி நிறைய அம்மா சேர்த்த காசு, ஆல்பம் ஆல்பமாக, நெற்றிக்கு வைக்க ஒரு ரூபாய் இல்லை. வந்திருந்தவர்களில் ஆண்கள் எல்லோரும் பையைத் தடவிப் பார்த்தார்கள், போன் இருந்தது, வண்டிச் சாவி இருந்தது. மாமா தெருமுனை டீக்கடைக்கே போய்க் கேட்டார், கடைக்காரர் எல்லாமே ஸ்கேன் பண்றாங்க சார், சில்லறையப் பாத்தே நாளாச்சு என்று இரண்டு மிட்டாய் கொடுத்தனுப்பினார். மாமா அந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்தேன். அப்புறம் அவர் சட்டைப்பையின் அடியிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசு கிடைத்தது. அத்தை அதைத் தொடவே இல்லை. பத்து ரூவாக் காச டவுன் பஸ்சுலயே வாங்க மாட்டேங்கறான், மேல போயி எவன் வாங்குவான், என்ற நங்கையா அங்க போயி அவமானப்படோணுமா என்றாள். பெண்கள் பக்கம் யாரோ சிரித்து, சிரித்ததை மறைக்க அழுதார்கள். நங்கையா என்று அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிட இனி அத்தைக்கு ஆள் இல்லை என்று எனக்கு ஏனோ அப்போது பட்டது, பட்டதோடு சரி, வலிக்கவில்லை. அத்தை எழுந்து உள்ளே போனாள். மேசைமேல் ஒரு காசு சும்மா கிடந்ததாம், கறுத்துப்போய். கறுத்த காசையா வைப்பது என்று புளியைப் போட்டுத் தேய்த்து, திருநீற்றால் ஒரு தேய், முந்தானையால் ஒரு துடை. பளபளவென்று கொண்டுவந்தாள். நாலணா மட்டும் செல்லுமாக்கும் என்று மாமா கேட்டதற்கு, பழைய காசு, நல்ல காசு, பேசாம இரு என்றாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.

சிங்காநல்லூர் சிக்னல். சிவப்பு. சவ வண்டி என்று யாரும் வழிவிடுவதில்லை, வழிவிட்டுத்தான் என்ன, போய் என்ன. பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, கையை எடுத்து நெஞ்சில் வைத்து, மறுபடி போனைப் பார்க்கிறாள். பின் கண்ணாடி வழியாக ஹக்கீம் பாயின் டி.வி.எஸ். தெரிகிறது, ஹெல்மெட்டுக்குள் வெள்ளைத் தாடி. டவுன்ஹாலில் வாட்சு ரிப்பேர் கடை வைத்திருப்பவர், நாணயச் சங்கத்தில் அம்மாவுக்கு முதன்முதலில் நாற்காலி எடுத்துப் போட்டவர். வீட்டுக்கு வந்தபோது யார் இவர் என்று எல்லோரும் பார்த்தார்கள், அக்காவோட காசு சங்கத்துக்காரங்க என்று மாமா விளக்கினார், அதுக்கு ஒரு சங்கமா என்று யாரோ கேட்டார்கள். பாய் அம்மாவின் தலைமாட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாசற்படியில் என் தோளைத் தொட்டு, தேச்சுட்டாங்க தம்பி என்றார். அவ்வளவுதான். போயிட்டாங்களே என்றுதான் மற்ற எல்லோரும் சொன்னார்கள். அவர் தேய்த்துவிட்டார்கள் என்றார், அது ஒன்றுதான் என் காதில் நின்றது, காலையிலிருந்து கேட்ட எதுவும் நிற்கவில்லை.

தேய்த்தால் போயிற்று. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். காசின் மேல் ஒரு கருமை படியும், அது அழுக்கில்லை, அதுதான் அதன் வயசு, சேர்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கோடு ஆயிரம் விழும், அப்புறம் லென்சை வைத்ததும் தள்ளிவிடுவார்கள். உலோகத்துக்கு விலை கிடையாது, அந்த நாலணாவில் என்ன வெள்ளியா தங்கமா. எல்லோர் வீட்டிலும் இருக்கிற நாலணாவில் ஒன்றுக்கு மட்டும் எப்படி விலை வரும் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். அம்மா தரையில் உட்கார்ந்து நாலு காசு வரிசையாக வைத்தாள். கிராமத்துப் பெண்கள் முன்னேற்றம் என்று ஒன்று, உலக உணவு நாள் என்று ஒன்று, டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்ததற்கு ஒன்று, காடு வளர்க்க ஒன்று. எதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கவர்மெண்டு காசு அடிக்கும்டா, அடிச்சதும் எல்லாருமா சேந்து அதக் குடுத்து டீ குடிச்சு மறந்துருவாங்க, அதில் மறக்காம எடுத்து வெச்சவளுக்குத்தான் விலை என்றாள். அது பாதி உண்மைதான். பொதுவாக அந்த நாலுக்கும் பெரிய விலை கிடையாது, சந்தையில் தட்டில் கொட்டி வைத்திருப்பார்கள், பொறுக்கிக்கொள்ளலாம். நன்றாக அடித்த காசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தப்பாக அடித்ததற்குத்தான் மும்பையிலிருந்து போன் வரும், இது ஹக்கீம் பாய் சொன்னது. அம்மாவின் நாலணா, கிராமத்துப் பெண் போட்டது, தப்பாக அடித்தது. இந்தப் பக்கம் சிங்கம் நேராக நிற்கும், பக்கவாட்டில் அப்படியே திருப்பினால் அந்தப் பக்கத்துப் பெண்ணும் நேராக இருக்க வேண்டும், இதில் தலைகீழாக இருப்பாள். அச்சு திரும்பிப்போய் அடித்துவிட்டது. ஒருபக்கம் மட்டும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. திருப்பினால்தான். மும்பைக்காரர் ஒருவர் மூன்று தடவை விலை கேட்டுப் போன் பண்ணினார், அம்மா நஹி பையா, நஹி நஹி என்று தன் ஒரே இந்தியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டுச் சிரித்தாள். இப்போது அவர் கூப்பிட்டால் என்ன சொல்வது, தேச்சுட்டாங்க என்பதற்கு இந்தியில் என்ன.

பச்சை விழுந்து வண்டி குலுங்கிக் கிளம்புகிறது, காசு வழுக்கிப் புருவத்துக்கு இறங்குகிறது. என் கை முன்னால் போய்விட்டது. தொடைமேலிருந்து அது எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை, மாலைக்கு மேலே நிற்கிறது, ஒரு கொக்கி மாதிரி. இப்போது எடுத்துவிடலாம். சரிசெய்வதுபோல எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள், அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமாவின் கட்டைவிரல் அதற்குள் வந்துவிட்டது. காசை நகர்த்திப் பழைய இடத்தில் வைத்து, விட்டுவிடாமல் அழுத்துகிறார், அக்காவின் நெற்றியில் தம்பியின் கட்டைவிரல், நகத்தில் சுண்ணாம்பு. நான் கையை இழுத்துக்கொள்கிறேன். மாமா என்னைப் பார்த்து, ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல என்கிறார். அம்மாவைத் தொடத்தான் கை நீட்டினேன் என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்துத் தலையைத் தடவுகிறார். நான் அவரிடம் ஏன் சொல்லவில்லை. வீட்டிலேயே ஏன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன, அத்தை, அத வெக்காதீங்க, அது வேற காசு, இவ்வளவுதானே வாக்கியம். அம்மா செத்துக் கிடக்கும்போது காசுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்பார்கள். அதற்காகவா. இல்லை, அப்போது என்னிடம் குரலே இல்லை. பொதுவாகவே நான் பேசினால் பக்கத்தில் இருப்பவர் என்ன என்று இரண்டாம் முறை கேட்பார், இரண்டாம் முறை நான் ஒன்றுமில்லை என்பேன்.

வருகிற சனிக்கிழமை சங்கத்தின் கண்காட்சி. கல்யாண மண்டபத்தில், மேசை மேசையாக, ஒவ்வொருவர் சேர்த்ததும் கண்ணாடிச் சட்டத்துக்குள். இத்தனை வருஷம் அம்மா பார்க்கப் போனாளே தவிர வைத்ததில்லை, இந்தத் தடவைதான் வைக்க ஒத்துக்கொண்டாள். ராஜாக்கள் காசு வைப்பவர்கள் இருப்பார்கள், வெள்ளைக்காரன் காசு வைப்பவர்கள் இருப்பார்கள், அம்மா நாலணா மட்டும். தலைப்புக்கு அட்டையில் நாலணா என்றுதான் எழுதினாள். பெயர்ச்சீட்டில் மயிலாத்தாள், ஒண்டிப்புதூர். சங்கத்தில் மயிலாத்தாள் பொன்னுசாமி என்று அச்சடித்துக் கொடுத்ததை அவள் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கிவந்தாள். அப்பா பேரு எங்கம்மா என்றேன், காசு என்னுதுதானடா என்றாள், கோபமாக இல்லை, நேரம் கேட்டால் சொல்வதுபோல. சட்டத்துக்கு நடுவில் அந்தக் காசு. ஒருபக்கம் மட்டும் தெரிந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாதென்று பவுடர் டப்பாவின் கண்ணாடியைப் பெயர்த்து அதற்குக் கீழே சாய்த்து ஒட்டியிருந்தாள், மேலே சிங்கம் நேராக, கண்ணாடிக்குள் பெண் தலைகீழாக. பக்கத்தில் விளக்கம் எழுதி வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்றாள். யாராச்சும் குனிஞ்சு பாத்துட்டு, ஏனுங்க இவ தலைகீழா இருக்கறான்னு கேக்கோணும், அப்புறம் நான் சொல்லிக்கறேன். இன்றைக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டுக் கை கழுவுவதுபோல உள்ளே போனேன். மேசைமேல் லென்ஸ் இருந்தது. சட்டம் திறந்திருந்தது. நடுவில் காசு இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே அந்தக் கண்ணாடியில் மின்விசிறியின் ஒரு இறக்கை. சனிக்கிழமை அந்தச் சட்டம் ஓட்டையோடு போகுமா, போகாதா. போகாவிட்டால் அவளுக்கு ஒரு மேசை போட்டு, பெயர்ச்சீட்டு வைத்து, அந்த மேசை காலியாக இருக்கும். இல்லை, இரண்டு பக்கத்து மேசைகளையும் நகர்த்தி இடத்தை மூடிவிடுவார்கள். காசு கிடைத்தால் வைக்கலாம். தேய்த்த காசுதான், நடுவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், ஆனால் தேய்த்தாலும் அவள் தலைகீழாகத்தான் இருப்பாள். அதைப் புளி ஒன்றும் செய்துவிட முடியாது.

ராமநாதபுரம் மேம்பாலத்தின் நிழல் வந்து எல்லார்மேலும் விழுகிறது, அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் சாம்பலாகிப் பழையபடி மஞ்சளாகிறது. இடதுபக்கம் திரும்புகிறோம். அப்பா இன்னும் வெளியேதான் பார்க்கிறார். அவர் காசைப் பார்க்கவில்லை, நேற்றிலிருந்து அம்மாவையும் சரியாகப் பார்க்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவர் தண்ணீர் குடிக்க அந்த மேசையைத் தாண்டிப் போயிருக்கிறார், குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அம்மா மேசைமேல் தலையைக் கவிழ்த்து இருந்தாள். அவ எப்பவும் அப்படித்தானே குனிஞ்சு காசப் பாத்துட்டிருப்பா, இதைத்தான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், கேட்டவர்களிடம், கேட்காதவர்களிடம், ஐஸ் பெட்டி கொண்டுவந்தவரிடம். நான் வீட்டுக்கு வந்து மேசைமேலிருந்த கையைத் தொட்டபோதுதான். அப்பா அந்தக் காலத்தில் ஒரு மில்லில், ஸ்பின்னிங்கில் ஃபிட்டர். அம்மா அதே மில்லின் கேண்டீனில் டோக்கன் ஜன்னலில் காசு வாங்குகிறவள். அப்போது டீ நாலணா. ஷிப்டு மாறும்போது ஜன்னல் வழியாகக் கைகள் வரும், பஞ்சு ஒட்டின கைகள், முகமே தெரியாது என்பாள், கைதான், கையில் நாலணாதான். புதுக்காசு வந்தால் எடுத்துக்கொண்டு தன் டப்பாவிலிருந்து வேறு நாலணாவைக் கல்லாவில் போடுவாள், எடுத்த கையோடு, மேனேஜர் பார்க்கிறமாதிரி. என்னம்மா, காசுக்கு வரன் பாக்கறியா என்று மேனேஜர் கேலி பண்ணுவாராம். நல்ல எடம் அமைஞ்சா சொல்றனுங்க என்பாளாம். அந்தத் தலைகீழ்க் காசு எந்தக் கையில் வந்ததென்று அவளுக்குத் தெரியாது. அப்பா கையாகக்கூட இருக்கலாம், அவர் ஒரு நாளைக்கு மூணு டீ குடிப்பார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் அம்மாவின் காசைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், விளக்கை அணைச்சுட்டுப் படு. சண்டை இல்லை, திட்டினதில்லை, ஆல்பம் வாங்கக் கேட்டால் கொடுப்பார். ஆனால் ஒரு காசைக்கூடக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததில்லை. நாலணா செல்லாது என்று ரிசர்வ் வங்கி சொன்ன அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். எதுக்கு என்று அப்பா கேட்கவில்லை, சாப்பிட்டார், இனிப்பு கம்மி என்றார். எனக்கு மட்டும் சொன்னாள். இத்தன நாளா இது காசுடா, செல்லாதுன்னுட்டாங்கல்ல, இனிமேதான் இதுக்கு மதிப்பு. அதை இப்போது ஏன் நினைக்கிறேன். நினைத்ததை அப்படியே விட்டுவிடப் பார்க்கிறேன், அது போகாமல் வண்டியின் ஆட்டத்துக்கு ஏற்ப மதிப்பு, மதிப்பு, மதிப்பு என்று தட்டிக்கொண்டே வருகிறது. பயமாக இருக்கிறது. அம்மாவை நினைக்காமல் காசையே நினைக்கிறேன், வீட்டுக்குப் போன பிறகும் இப்படியே இருந்துவிட்டால். மனசுக்குள் காசை எடுத்துவிட்டு நெற்றியை நினைத்துப் பார்க்கிறேன், நெற்றி வரவில்லை. கூந்தல் வருகிறது, கழுத்து வருகிறது, நெற்றி இருக்கும் இடத்தில் வட்டமாக ஒன்றுமில்லை.

இறங்கியாயிற்று. எப்போது இறங்கினேன், தூக்கினேனா, தோளில் கனம் இருந்ததா, தெரியவில்லை. மயானத்தில் சிமெண்டுத் தரை, சுவரில் வெள்ளை ஓடு, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கிறது, மேலே புகைபோக்கி, வேப்பமரத்தில் காக்கை இல்லை, கிளிகள். தகர மேடைமேல் அம்மா. காக்கிச் சட்டைபோட்ட ஒரு அண்ணன், முருகேசன் என்று சட்டையில் தைத்திருக்கிறது, மாலைகளை எடுக்கிறார், மெட்டியைக் கழற்றி மாமாவிடம் கொடுக்கிறார், பிளாஸ்டிக், இரும்பு எதுவும் உள்ள போகக்கூடாதுங்க என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்கு வருகிறார். காசை எடுக்கிறார். குங்குமத்திலிருந்து அது வருகிற சத்தம் கேட்டமாதிரி இருக்கிறது, கேட்டிருக்க முடியாது. நெற்றியில் வட்டமாக ஒரு பள்ளம். அது யாருக்கு என்று மாமாவைப் பார்க்கிறார். உங்களுக்குத்தான், வழக்கந்தானுங்க என்கிறார் மாமா. முருகேசன் வெளிச்சத்தில் பார்த்து, நாலணாங்க, இத வெச்சு நான் என்னங்க பண்ணட்டும் என்கிறார், சிரிப்புமில்லை, வருத்தமுமில்லை, பக்கத்தில் நிற்கும் என் கையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். என் கையில் இருக்கிறது. அவ்வளவு சுலபமாக. உள்ளங்கையில் குங்குமம் ஒட்டுகிறது, காசு வெதுவெதுப்பாக இருக்கிறது, அது முருகேசனின் கைச்சூடாக இருக்கும். வீட்டுக்கு அது வரக்கூடாது சாமி, நெத்திக்காசு திரும்பி வரக்கூடாது, போறப்ப நொய்யல்ல போட்டர்லாம் என்கிறார் மாமா, ஏற்கெனவே கையை நீட்டியாயிற்று. வாசலில் ஹக்கீம் பாய் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் சொல்லமாட்டார். அவர் சொல்லக் கூடாது, சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறக்கிறேன். மாமா, என்கிறேன். என்ன சாமி என்று மாமா இரண்டாம் முறை கேட்கிறார். தம்பி, இந்தப் பச்சைப் பட்டன அமுக்கோணும், வலது கையால என்கிறார் முருகேசன். வலது கையில் காசு. மாமா நீட்டிய கை அங்கேயே இருக்கிறது. நான் அந்தக் கையைத் தாண்டி, பின்னால் நிற்கிற அப்பாவின் கையில் காசை வைக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. இல்லை, யோசித்திருப்பேன்.

பட்டன் குளிர்ந்திருக்கிறது. கதவு மேலே போகிறது, மேடை நகர்கிறது, அம்மாவின் கால்கள் ஒரு கணம் என் பக்கம் இருந்தன, அப்புறம் கதவு இறங்கிவிட்டது. உள்ளே ஏதோ பற்றிக்கொள்கிற சத்தம், மில்லில் மெஷின் எடுப்பதுபோல. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முருகேசன் நெற்றி வியர்வையைத் துடைக்கிறார். திரும்புகிறேன். அப்பா ஜன்னலோரம் போயிருக்கிறார். காசைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து, சிங்கத்தைப் பார்க்கிறார். திருப்புகிறார். திரும்பவும் சிங்கம். திருப்புகிறார். ஃபிட்டர் விரல்கள், ஒரு போல்ட்டில் மரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாக. நெற்றியில் கோடு விழுகிறது. என்னைப் பார்க்கிறார்.

"ஏன்டா நவநீ, இந்தப் பொம்பள எதுக்குத் தலைகீழா இருக்கறா?"

வாசலில் ஹக்கீம் பாய் நிமிர்ந்துவிட்டார். என் தொண்டையில் குரல் இருக்கிறது, எங்கேயிருந்து வந்ததென்று தெரியவில்லை, யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. "அடிக்கறப்ப அச்சு திரும்பிருச்சுப்பா. ஊருக்குள்ள இப்படி வேற இல்ல. அதான் அம்மா வெச்சிருந்தா."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல பாரு" என்கிறார் அப்பா, எனக்கில்லை, மூடின கதவுக்கு. மறுபடி திருப்புகிறார். விரலெல்லாம் குங்குமம்.

மாமா கிட்டே வருகிறார், குரலைத் தணித்து, குடுங்க மச்சான், நான் ஆத்துல போட்டர்றேன், நல்லதில்ல அது என்கிறார். அப்பா காசை உள்ளங்கைக்குள் மூடவில்லை, பையில் போடவில்லை. பிடித்தபடியே கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்துகொள்கிறார்.

"இரு மாப்ள. நான் இன்னும் பாக்கவே இல்ல."

மாமாவின் கை இறங்குகிறது. ஹக்கீம் பாய் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து தன் லென்சை எடுத்து அப்பாவிடம் நீட்டுகிறார். அப்பாவுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. பேப்பர் படிப்பதுபோல எட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குகிறார். நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோகிறேன்.

"இன்னும் கிட்டப்பா" என்கிறேன். "இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாருங்க."